அப்பா வாதி, சித்தப்பா பிரதிவாதி

நான் வக்கீலுக்குப் படித்தது நீதியை நிலைநாட்ட அல்ல. எங்கள் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் காஞ்சிபுரம் முன்சீப் கோர்ட்டில் ஒரு பாகப்பிரிவினை வழக்கு இருந்தது. அதை நடத்துவதற்காகப் படித்தேன். அறுபதுகளில் பெண்கள் முன்னேறியதற்கு மேடையில் எத்தனையோ காரணம் சொல்வார்கள். என் முன்னேற்றத்துக்குக் காரணம் ஒரு தறி அறை.

தாத்தா போன பிறகு வீடு இரண்டு பிள்ளைகளுக்கும் வந்தது. முன்பக்கம் அண்ணனுக்கு, பின்பக்கம் தம்பிக்கு என்று வாய்ப்பேச்சிலேயே பிரித்துக்கொண்டார்கள். நடுவில் இருந்த தறி அறையில்தான் வம்பு. அது முழுக்கத் தனக்கே என்று அப்பா கேஸ் போட்டார். பாதி தனக்கு என்று சித்தப்பா பதில் போட்டார். நான் பாவாடை கட்டிய காலத்தில் ஆரம்பித்த கேஸ், நான் புடவை கட்டி, பி.ஏ. முடித்து, பட்டணத்தில் பி.எல். படித்துவிட்டு வந்தபோதும் வாய்தாவிலேயே இருந்தது. அதற்குள் மூன்று முன்சீப்புகள் மாற்றலாகிப் போய்விட்டார்கள்.

இதில் வெளியூர்க்காரர்கள் நம்பாத விஷயம் ஒன்று உண்டு. கேஸ் நடந்த அத்தனை வருஷமும் அண்ணனும் தம்பியும் தினமும் அதே அறையில், அதே தறியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார்கள். வேறு வழியில்லை. எங்கள் வீட்டில் நெய்தது கோர்வைப் புடவை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் ஒவ்வொரு இழையிலும் பிணைத்துக்கொண்டே போக வேண்டும். ஊடை இழையைக் கொண்டுபோகிற நாடா மூன்று ஓடும். தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்திருப்பவர் ஒருவரால் மூன்றையும் ஓட்ட முடியாது. ஓரத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவைத் திருப்பி விட வேண்டும். மற்ற வீடுகளில் அதற்குக் கூலிக்கு ஆள் வைப்பார்கள். அப்பாவுக்குத் தம்பி கையைத் தவிர வேறு கை பிடிக்காது. தம்பிக்கும் அப்படித்தான். ஒரு புடவை அப்பாவுடையது, சித்தப்பா கரை விடுவார். அடுத்த புடவை சித்தப்பாவுடையது, அப்பா ஓரத்துக்கு மாறுவார். காலையில் கோர்ட்டில் ஒருவர்மேல் ஒருவர் பிராது சொல்லிவிட்டு, மத்தியானம் வந்து முழங்கை இடிக்க உட்கார்ந்து நெய்வார்கள்.

பேச்சு மட்டும் கிடையாது. பேச வேண்டியதைத் தறியிடம் சொல்வார்கள்.

"கரை இளகிக்கினு போவுது, யாரும் பாக்கறதில்ல" என்று அப்பா தறிக்கட்டையைப் பார்த்துச் சொல்வார்.

"இழுத்து அடிச்சா சரியாப் பூடும், அடிக்கத் தெரியணும்" என்று சித்தப்பா கூரையைப் பார்த்துச் சொல்வார்.

அம்மாவுக்கும் சித்திக்கும் இந்த நாடகத்தில் வேஷமே இல்லை. ஒரே கிணறு, ஒரே அம்மி. வாய்தா நாளில் இருவரும் சேர்ந்து, கோர்ட்டுக்குப் போகிற இரண்டு பேருக்கும் இட்லி கட்டிக் கொடுப்பார்கள்.

வருஷக்கணக்கில் வாய்தா வாங்கியே பிழைத்த தன் வக்கீல்மேல் அப்பாவுக்கு நம்பிக்கை போய், வீட்டிலேயே ஒரு வக்கீலைத் தயார் செய்துகொள்வது என்று முடிவு கட்டினார். ஆண்பிள்ளை கிடையாது. இருந்த சரக்கு நான்தான். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். வயசு ஏறிக்கொண்டே போகிறதே, கல்யாணம் எப்போது என்றாள். கேஸ் முடிகிற வரைக்கும் அந்தப் பேச்சே வேண்டாம் என்று அப்பா அடித்துச் சொல்லிவிட்டார்.

அதில்தான் என் உயிர் இருந்தது. கேஸ் இருக்கும்வரை நான் படிக்கலாம். கேஸ் முடிந்தால் வாலாஜாபாத்தில் ஒரு அரிசி மில்காரர் வீடு எனக்காகக் காத்திருந்தது. அந்த வீட்டுக்காரர்கள் பெண் படித்திருப்பதைப் பெருந்தன்மையோடு மன்னிக்கத் தயார். கறுப்புக் கோட்டு மட்டும் கூடாது. நாளைக்குப் புருஷனிடமே சட்டம் பேசுவாளாம். எனக்கோ அந்தக் கோட்டின்மேல் வெறி. சட்டக் கல்லூரியில் காலடி வைத்த முதல் வாரமே, அதுவரை ‘வாயாடி’ என்று என்னைத் திட்டக் காரணமாக இருந்த குணத்துக்கு ஒரு தொழிலே இருக்கிறது என்று கண்டுகொண்டேன். ஊரில் எல்லாரும் காமாட்சியிடம் போய்க் குடும்பத்தில் ஒற்றுமை வேண்டும் என்று கேட்பார்கள். நான் வெள்ளிக்கிழமை தவறாமல் போய், இன்னும் கொஞ்ச நாள் இந்த இரண்டு பேரும் அடித்துக்கொள்ள வேண்டும் தாயே என்று வேண்டிக்கொண்டு வந்தேன். அவளுக்கும் புதுசாக இருந்திருக்கும்.

பி.எல். முடித்தால் அப்போது உடனே வக்கீலாகிவிட முடியாது. ஒரு சீனியரிடம் வருஷம் முழுக்கப் பயிற்சி, அதற்குமேல் பார் பரீட்சை. அப்பா தன் பழைய வக்கீலிடமே என்னைக் கொண்டுபோய் விட்டார். நான் தேறினால் முதல் வேலையாகத் தன் வக்காலத்து கைமாறிவிடும் என்று அந்த வக்கீலுக்குத் தெரியும். ஆனாலும் மனிதர் சேர்த்துக்கொண்டார். மின்விசிறிக்கு நேர் கீழே அவர், மின்விசிறிக் காற்று திரும்பிப் பார்க்காத மூலையில் நான். கட்சிக்காரர்கள் உள்ளே வந்தவுடன் என்னைப் பார்த்து, "ஐயா வீட்டுப் பொண்ணுங்களா, தண்ணி கொண்டாமா" என்பார்கள். முதல் மாதம் எழுந்துபோய்க் கொண்டுவந்தேன். அடுத்த மாதம், "நான் அப்ரண்டிஸ். பானை அங்கே இருக்கிறது" என்று கையைக் காட்டினேன். சீனியர் சிரிப்பை அடக்கத் தெரியாமல் இருமினார்.

வீட்டில் வெளிச்சம் இருந்தது தறி அறையில்தான். கூரையில் கண்ணாடி ஓடு பதித்திருந்தார்கள். பட்டின் நிறம் பார்க்க வைத்த வெளிச்சத்தில் நான் சிவில் நடைமுறைச் சட்டம் படித்தேன். தறிச் சத்தத்துக்குமேல் கத்திப் படிக்க வேண்டும். பதினோராம் பிரிவு: ஒரு கோர்ட்டில் தீர்ந்துபோன விஷயத்தை அதே ஆட்கள் மறுபடி கிளப்பக் கூடாது. அம்மா காபி கொண்டுவந்தவள் நின்று கேட்டுவிட்டு, "இத மொதல்ல உங்கப்பாரு படிக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பரீட்சையில் குறுக்கு விசாரணை பற்றி விரிவாகக் கேட்பார்கள். அதைப் புத்தகத்தில் படித்து ஒன்றும் ஆகாது, யாரையாவது உட்காரவைத்துக் கேட்டுப் பார் என்றார் சீனியர். எனக்கு ஆளுக்கா பஞ்சம்? உண்மையான வாதியும் உண்மையான பிரதிவாதியும் ஓடமுடியாமல் தறியில் மாட்டிக்கொண்டு எதிரிலேயே இருந்தார்கள்.

"அப்பா, சும்மா ஒரு பழக்கத்துக்கு. நான் சித்தப்பாவோட வக்கீல். நீ கூண்டுல இருக்கே."

"கேளு, கேளு. அங்கயும் இதானே கேப்பானுங்க." அப்பாவுக்குக் குஷி.

"இந்தத் தறிக்குழியை யார் தோண்டினது?"

"எங்கப்பன். நானும் கூட இருந்தேன்."

"வேற யாரு இருந்தா?"

"அவனும் இருந்தான். மண்ணு சுமந்தான்."

"உங்களுக்கு மஞ்சள் காமாலை வந்து படுத்திருந்தீங்களே, அப்ப தறி நின்னுச்சா?"

"நிக்கல."

"யார் ஓட்டினது?"

"அவன்தான். ஓரத்துக்கு அவன் பொண்டாட்டிய உக்கார வெச்சு ஓட்டினான்."

"அப்ப நெய்ஞ்ச புடவை எல்லாம் யாரோடது?"

அப்பா நாடாவைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். "என்னுது" என்றார். "எல்லாம் என்னுதாத்தான் குடுத்தான். அவன் ஒண்ணு கூட எடுத்துக்கல."

"அப்படின்னா இந்த அறையில அவருக்குப் பாத்தியம் இல்லைன்னு இப்பவும் சொல்றீங்களா?"

தறி நின்றுவிட்டது. தெருவில் மற்ற வீட்டுத் தறிகளின் சத்தம் அப்போதுதான் காதில் விழுந்தது. அப்பா மூக்கை உறிஞ்சினார். சித்தப்பா, கூரையைப் பார்க்காமல், நேராக அவரைப் பார்த்து, "உடுண்ணே. நாடா குடு" என்றார்.

"இந்தா தம்பி" என்றார் அப்பா.

நான் சட்டப் புத்தகத்தோடு திறந்த வாய் மூடாமல் உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு நன்றாகக் குறுக்கு விசாரணை செய்து தொலைத்திருக்கிறேன்! அம்மாவும் சித்தியும் பாயசம் வைத்தார்கள். தெருப் பெரியவர்களைக் கூட்டி, தறி அறை இரண்டு பேருக்கும் பொது என்று பேசி முடித்தார்கள். அடுத்த வாய்தாவில் ராஜி மனு போட்டு இருவரும் கையெழுத்திட வேண்டியதுதான் பாக்கி. வீட்டில் எல்லோர் முகத்திலும் திருவிழாக் களை. பாயசம் எனக்கு மட்டும் இறங்கவில்லை.

நினைத்தபடியே நடந்தது. "பரீட்சைக்கு ஒண்ணும் போவ வேணாம் பாப்பா. இன்னாத்துக்கு ஒடம்ப கெடுத்துக்கணும்? கேசே இல்லாம பூட்ச்சே" என்று அப்பா பாசத்தோடு சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். பாசத்துக்கு மேல்முறையீடு கிடையாது. வாலாஜாபாத்துக்கு ஆள் போயிற்று.

கிணற்றடியில் துணி துவைக்கிற சாக்கில் அழுதுகொண்டிருந்தேன். சித்தப்பா கை கழுவ வந்தார். அதிகம் பேசாத மனிதர். வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு, "இன்னாமா?" என்றார். நான் எல்லாவற்றையும் கொட்டினேன். நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து என் குடியைக் கெடுத்துவிட்டீர்கள் என்றுகூடச் சொன்னேன். அவர் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனார்.

மறுநாள் அப்பாவின் முறை. மாகறல் பக்கத்துக் கல்யாண வீட்டுக்கு முகூர்த்தப் புடவை, பாதியில் நிற்கிறது. சித்தப்பா ஓரத்தில் வந்து உட்கார்ந்தார், நாலு இழை ஓட்டினார். திடீரென்று கரை நாடாவை எடுத்து மடியில் சொருகிக்கொண்டு எழுந்தார்.

"ராஜியும் கெடையாது, ஒரு மண்ணும் கெடையாது. ரூமுல பாதி இன்னாத்துக்கு எனக்கு? முழுசும் வேணும். கோர்ட்ல பாத்துக்கலாம்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டார்.

நெய்கிற பாதியில் நாடாவைத் தூக்கிக்கொண்டு போவது எங்கள் தெருவில் அப்பன் ஆத்தாளைத் திட்டுவதற்கும் மேலே. அதுவும் முகூர்த்தப் புடவையில். அப்பா தறியை விட்டு எழுந்தார். வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தார். கடைசியில் என்னிடம் வந்து நின்றார்.

"போ. போய்ப் பரீட்ச எழுது. அவன நீதான் கூண்டுல ஏத்தணும்" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. பின்கட்டுக்கு ஓடினேன். டீக்கடையிலிருந்து திரும்பியிருந்த சித்தப்பா, நாடாவைத் துணியில் சுற்றிப் பத்திரமாக மாடத்தில் வைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன சித்தப்பா இது?"

"கேசு இருந்தாத்தானே உங்கப்பாரு உன்ன படிக்க உடுவாரு? இருக்கட்டும். நீ பாஸ் பண்ணிக்கினு வா, அப்பால ராஜி போட்டுக்கலாம். அவருகிட்ட மூச்சு உடாதே. சொன்னா மறுபடியும் கட்டிப் புடிச்சிக்கினு அழுவாரு."

அந்த ஒரு வார்த்தைக்கு நான் அவர் காலில் விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. ஓடிப்போய்ப் புத்தகத்தைத் திறந்தேன்.

அப்பா வேறு ஆளை வைத்துக் கரை விட்டுப் பார்த்தார். கரை பாம்பு மாதிரி நெளிந்தது. இரண்டு நாள் பொறுத்துவிட்டு, "முகூர்த்தத்துக்கு நாள் நெருங்கிக்கினு வருது, மனுஷனுக்கு மனசாட்சி இருக்கணும்" என்று தறிக்கட்டையிடம் முறையிட்டார். சித்தப்பா நாடாவோடு வந்து உட்கார்ந்தார். பழையபடி ஒருவர் கட்டையைப் பார்த்தும் ஒருவர் கூரையைப் பார்த்தும் பேச ஆரம்பித்தார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

பரீட்சைக்குப் பட்டணம் போக ஒரு துணை வேண்டும். அப்பாவுக்குப் பட்டணம் என்றாலே தலைச்சுற்றல். "யாராச்சும் பொண்ண இட்டுக்கினு போவணும்" என்று தறியிடம் சொன்னார். "போனாப் போச்சு" என்று கூரைக்குப் பதில் போனது. ஆக, வாதியின் வருங்கால வக்கீலைப் பிரதிவாதி பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் உட்காரவைத்து அழைத்துக்கொண்டு போனார். நான் உள்ளே எழுதும்போது அவர் வெளியே மரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். தொழில் ஒழுக்கம் பற்றிய தாளில், எதிர்க்கட்சிக்காரரோடு வக்கீலுக்கு எந்தவிதமான ரகசிய உறவும் இருக்கக் கூடாது என்று பக்கம் பக்கமாக எழுதினேன். எழுதி முடித்து வந்து அவர் வாங்கி வைத்திருந்த பஜ்ஜியைத் தின்றேன்.

தேறினேன். ஹைகோர்ட்டில் பதிவு செய்துகொண்டு கோட்டும் கவுனுமாக ஊர் வந்து இறங்கினேன். கோட்டோடு வாலாஜாபாத் சம்பந்தமும் கழன்றுகொண்டது. அப்பா தெருவெல்லாம் கற்கண்டு கொடுத்தார். சித்தப்பா அன்று சாயந்திரமே பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து, தான் பேசியது தப்பு, ராஜி போட்டுக்கலாம் என்றார்.

"எதுக்கு?" என்றார் அப்பா. "இப்பதான் ஊட்லயே வக்கீல் இருக்குதே."

நான் அப்பாவைத் தனியாக அழைத்துப்போய் நடந்ததைச் சொன்னேன். எனக்காகத்தான் அவர் நாடாவைத் தூக்கினார் என்று சொன்னேன். அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வக்கீல் ஆன அன்னிக்கே பொய்யா? எவ்ளோ குடுத்தான்?" என்றார். காமாட்சியம்மன் மேல் சத்தியம் செய்தேன். கோட்டுப் போட்டவர்கள் சத்தியத்துக்கு வீட்டில் மதிப்பில்லை என்று அன்று தெரிந்துகொண்டேன். அந்தக் கேஸை நடத்த மாட்டேன் என்றும் சொல்லிப் பார்த்தேன். சித்தப்பாதான் கூப்பிட்டு, "நடத்துமா. இதுக்காவத்தானே படிக்க வெச்சாரு. நான் வேற வக்கீல் வெச்சிருக்கேன், பயப்படாத" என்றார்.

கேஸ் எங்களுக்கு ஜெயித்தது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பிரதிவாதியே கூண்டில் சொன்னதை வைத்து, தறி அறை வாதிக்கு என்று தீர்ப்பு. தீர்ப்புக்கு மறுநாளும் சித்தப்பா வந்து ஓரத்தில் உட்கார்ந்தார். ஆனால் ஒரு புடவை உனக்கு, ஒரு புடவை எனக்கு என்ற முறை அதோடு போயிற்று. அதற்கப்புறம் அந்தத் தறியில் விழுந்தது எல்லாம் அண்ணன் புடவைதான். தம்பிக்குக் கூலி. அப்பாவுக்கே அது பிடிக்கவில்லை. ஆனால் ஜெயித்தவர் எப்படி இறங்கி வருவார்? என் முதல் கேஸில் நான் ஜெயித்ததை வைத்து ஊரில் எனக்குக் கட்சிக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். தண்ணி கொண்டாமா என்று அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை.

இன்றுவரை என்னைத் தூங்கவிடாதது தீர்ப்பு அல்ல. அதற்கு முன்னால் சித்தப்பா கூண்டில் ஏறிய அந்தக் காலைப்பொழுது.

சலவை வேட்டி, தோளில் துண்டு. கோர்ட் ஆள் சொல்ல, துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். பிரமாணம் செய்தார். முன்சீப் இளவயசுக்காரர், எங்கள் இருவர் முகத்திலும் ஒரே மூக்கு இருப்பதைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். நான் எழுந்து ஆரம்பித்தேன்.

"நீங்கள் வாதியின் தம்பி?"

"ஆமாங்க."

பிறந்ததிலிருந்து என்னைப் பாப்பா என்று கூப்பிட்டவர் ஆமாங்க என்றார். அடுத்த கேள்வியைத் தேட வேண்டியிருந்தது.

"தெருப் பெரியவர்கள் முன்னால் ராஜிக்கு ஒப்புக்கொண்டீர்களா?"

"ஒத்துக்கினேங்க."

"அதை முறித்தது யார்?"

"நான்தாங்க."

"வாதி பேரில் ஏதாவது தவறு உண்டா?"

"அண்ணன் மேல ஒரு தப்பும் இல்லீங்க."

இதற்குமேல் எனக்குக் கேட்க ஒன்றும் இல்லை. ஆனால் முன்சீப் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "பாதி அறை கையில் வந்திருக்கிறது. அதைப் போய் ஏன்யா முறித்தீர்?" என்று அவரே கேட்டார்.

சித்தப்பா என்னைப் பார்த்தார். சத்தியம் செய்துவிட்டு நிற்கிறார். உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்று எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. அவர் உண்மையைச் சொன்னால் அறையில் பாதி அவருக்கு மிஞ்சும். புது வக்கீல் எதிரியோடு சேர்ந்து நாடகம் ஆடினாள் என்று நான் அங்கேயே முடிந்துபோவேன். இரண்டும் அவருக்குத் தெரிந்துதான் இருந்தது.

"பேராசைங்க" என்றார். "முழுசும் எனக்கே வேணும்னு தோணிச்சு."

முன்சீப் அதை எழுதிக்கொண்டார். அன்று அவர் சொன்னதில் அது ஒன்றுதான் பொய். சத்தியம் செய்த சாட்சி பொய் சொன்னால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குப் பிரிவோடு மனப்பாடம். "மேற்கொண்டு கேள்வி இல்லை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.